பி.எஸ்சி நர்சிங் முடிச்சாச்சு: காரைக்குடியிலேயே வேலையா, மதுரையா, மேல்படிப்பா?

பள்ளத்தூர்ப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இறுதியாண்டு ரிசல்ட் வந்துருச்சு, 68 சதவீதம். கவுன்சில் பதிவுக்கு இன்னும் போடலை. காரைக்குடியில் 20 படுக்கை நர்சிங் ஹோம் ஒன்றில் நாளைக்கே வரச் சொல்றாங்க, வீட்டிலிருந்து போய் வரலாம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவுக்கு இன்டர்வியூ இருக்கு, ஆனா ஹாஸ்டல், 2 வருஷ பாண்ட். அப்பா எம்.எஸ்சி சேரச் சொல்றார், அம்மா கவர்மென்ட் பரிட்சைக்கு உட்காரச் சொல்றாங்க, சித்தப்பா துபாய்க்கு ஏஜென்ட்டே பார்த்து வச்சுட்டார். எதை முதலில் செய்யணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நைட் டூட்டி அக்கா:

தங்கச்சி, இந்த மூணு பேருமே தப்பாச் சொல்லலை. ஆனா எல்லா வழிக்கும் வாசல் ஒண்ணுதான், கவுன்சில் பதிவு. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சில் சென்னை சாந்தோமில் இருக்கு. ஆர்.என். (நர்ஸ்), ஆர்.எம். (மிட்வைஃப்) ரெண்டு பதிவு நம்பரும் கையில் வர்ற வரைக்கும் நீங்க பார்க்கிற எந்த வேலையும் அனுபவமாக் கணக்குல சேராது. "முதல்ல சேருங்க, பதிவைப் பிறகு பார்த்துக்கலாம்"னு சின்ன ஆஸ்பத்திரிகள் சொல்லும். அப்படி ஓடுற ஆறு மாசம் வீண்தான். ப்ரொவிஷனல், கோர்ஸ் கம்ப்ளீஷன், மார்க் ஷீட், பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ் எல்லாத்தையும் கலர் ஸ்கேன் எடுத்து வச்சுக்கிட்டு இந்த வாரமே போடுங்க. பதிவை 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், அதுக்குள்ள 150 மணி நேரத் தொடர்கல்வி காட்டணும். போற கான்ஃபரன்ஸ் சர்டிபிகேட்டை எல்லாம் முதல் வருஷத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வைங்க.

வேலைக்கு என் ஓட்டு மதுரை ஐசியூவுக்கு. 20 படுக்கையில் ஒரே ஆள் ஓபி, டெலிவரி, டிரெஸ்ஸிங், பில்லுன்னு எல்லாம் பார்க்க வேண்டி வரும். கை பழகும், அதை மறுக்கலை. ஆனா வென்டிலேட்டர், ஆர்ட்டீரியல் லைன் (தமனியில் வைக்கிற குழாய்), இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்தை அளவா ஏத்துற கருவி) எதையும் தொட வாய்ப்பிருக்காது. அடுத்து எங்கே விண்ணப்பிச்சாலும் முதல் கேள்வி "எத்தனை படுக்கை, எந்த வார்டு"ங்கிறதுதான். ஜெனரல் வார்டா, ஐசியூவான்னு ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்க. ஐசியூன்னு சொல்லிக் கூப்பிட்டுட்டு ஆள் குறையுற வார்டுக்கெல்லாம் சுத்த விடுறது சகஜம்.

இன்னொண்ணு, இது யாரும் சொல்ல மாட்டாங்க. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ் முடிச்சுட்டு, கடைசி ஊசிக்கு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு ஆன்டி ஹெச்பிஎஸ் டைட்டர், அதாவது ஊசி பலிச்சுதான்னு காட்டுற ரத்தப் பரிசோதனை, பாருங்க. 10க்கு மேல் இருக்கணும். காலேஜில் போட்டிருந்தா தேதியோட சீட்டு வாங்கிக்குங்க. வேலையில் நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்களைக் குத்தினா அன்னிக்கு இந்தச் சீட்டுதான் உதவும்.

புதுவயல்காரர்:

அம்மா சொல்லும் அரசு வேலையில் மூன்று தனித்தனிப் பாதைகள் உள்ளன. மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலாவது எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2012இல் தொடங்கப்பட்டது. செவிலியருக்கு 2015 முதல் எழுத்துத் தேர்வு. இப்போது தமிழ்த் தகுதித் தாள் பத்தாம் வகுப்புத் தரத்தில் உண்டு. அதில் 40 சதவீதம் வராவிட்டால் நர்சிங் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளியில் தமிழ் எடுக்காமல் வந்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் அதற்காக வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது வீண்.

இரண்டாவது மாவட்ட நலவாழ்வுச் சங்கம் எடுக்கும் ஒப்பந்தப் பணி. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். நம் பகுதிக்காரர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று: செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கையில், திருமயம் பக்கம் புதுக்கோட்டையில். இரண்டு தளங்களையும் பாருங்கள். ஸ்டாஃப் நர்ஸுக்கு மாதம் 18,000 ரூபாய் என்ற அளவில் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. 11 மாத ஒப்பந்தம், நிரந்தரம் கேட்க மாட்டேன் என்று உறுதிமொழி வாங்குவார்கள். விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் குறைவு.

மூன்றாவது நார்செட், அதாவது மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர்களை எடுக்க எய்ம்ஸ் நடத்தும் தேர்வு. என் கருத்தில் புதிதாகப் படித்து முடித்தவர் முதலில் குறிவைக்க வேண்டியது இதுதான். பி.எஸ்சி முடித்தவருக்கு அனுபவம் தேவையில்லை. ஜி.என்.எம். எனும் நர்சிங் டிப்ளமோ என்றால்தான் 50 படுக்கை மருத்துவமனையில் 2 வருடம் கேட்கிறார்கள். வயது 30 வரை, பிரிவுக்கேற்பத் தளர்வு. முதல்நிலைத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, பிறகு முதன்மைத் தேர்வு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். இடங்கள் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற விகிதத்தில் பிரிகின்றன.

சிக்கல் வருவது சாதிச் சான்றிதழில். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. அட்டை மத்திய அரசுத் தேர்வுக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள் வருபவர்) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதன் தேதியும் அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் இருக்க வேண்டும். இ-சேவையில் இப்போதே போட்டு வையுங்கள். கவுன்சில் பதிவும் விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். அதை நம்பி இருக்க வேண்டாம்.

கோட்டையூரான்:

சித்தப்பா பார்த்து வைத்த ஏஜென்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். மத்திய அரசின் வெளிநாட்டு வேலைக்கான இமைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்சியின் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இருந்தாலும், சட்டப்படி அவர்கள் வாங்கக்கூடிய அதிகபட்ச சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் என்ன அர்த்தம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, குவைத், கத்தார் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போக, பாஸ்போர்ட் இ.சி.என்.ஆர். (எமிகிரேஷன் சோதனை தேவையில்லாதது) ஆக இருந்தாலும் எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். விசிட் விசாவில் கூட்டிப்போய் அங்கே மாற்றித் தருகிறோம் என்பது இதைத் தாண்டுகிற குறுக்குவழி. அரசு வழி வேண்டுமானால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஜெர்மன் மொழிப் பயிற்சியோடு நர்ஸ்களை அனுப்பும் வேலையும் அவர்கள் செய்கிறார்கள்.

அனுபவம் இல்லாமல் கல்ஃப் கனவு வேண்டாம். பெரும்பாலான வேலைகளுக்கு 2 வருடம் கேட்பார்கள். டேட்டாஃப்ளோ நிறுவனம் டிகிரி, கவுன்சில் பதிவு, அனுபவம் மூன்றையும் நேரடியாக அந்தந்த இடத்தில் கேட்டுச் சரிபார்க்கும். அங்கே மாட்டுவது அனுபவச் சான்றிதழ்தான். லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வார்டு, படுக்கை எண்ணிக்கை, கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, பதில் வரக்கூடிய அலுவலக மின்னஞ்சல் அத்தனையும் வேண்டும். நர்சிங் ஹோம் மூடிப் போனால், அல்லது டாக்டரின் சொந்த ஜிமெயிலுக்கு வந்த கேள்வியை யாரும் பார்க்காவிட்டால், அந்த 2 வருடம் காணாமல் போய்விடும். வேலையை விடும் அன்றே இதையெல்லாம் சரிபார்த்து வாங்குங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்ச் சான்றிதழில் "மெ. உமையாள்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். மெய்யப்பன் என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். அப்பாவின் ஆதாரில் ஒன்று, உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொன்று. கவுன்சில் பதிவுக்குப் போடும் முன்பே எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பிறகு திருத்துவதென்றால் பல்கலைக்கழகம், கவுன்சில், பாஸ்போர்ட் ஆபீஸ் என்று தனித்தனியாக அலைய வேண்டும்.

பிரிட்டனுக்கு என்றால் ஆங்கிலத் தேர்வு வேண்டும்: ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7. அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. எழுத்தில் சி பிளஸ், மற்றவற்றில் பி. நர்சிங் சூழலிலேயே கேள்வி வருவதால் நம் பிள்ளைகளுக்கு ஓ.இ.டி. சௌகரியம். அதன் பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வு. மொழித் தேர்வு மதிப்பெண் 2 வருடத்தில் காலாவதியாகிவிடும், அதனால் படிப்பு முடிந்த சூட்டோடு எழுதிப் பணத்தைப் போட வேண்டாம். அமெரிக்காவுக்கான நர்ஸ் லைசென்ஸ் தேர்வான என்கிளெக்ஸை சென்னையிலேயே எழுதலாம், 85 முதல் 150 கேள்வி. பாஸ் பண்ணுவது ஒரு பக்கம், விசா வரிசை வருடக்கணக்கில் நிற்கிறது. அதை ஏஜென்ட் சொல்ல மாட்டார்.

பள்ளத்தூர்ப் பொண்ணு:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். மதுரையில் பாண்டுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஒப்படைக்கச் சொல்றாங்க, கொடுக்கலாமா? இன்டர்வியூவில் என்ன கேட்பாங்க?

நைட் டூட்டி அக்கா:

ஒரிஜினலைக் கொடுக்காதீங்க. காட்டிட்டு, அட்டெஸ்ட் பண்ணின நகல் கொடுங்க. ஒரிஜினல் அவங்ககிட்ட இருந்தா கவுன்சில் பதிவு, நார்செட் சரிபார்ப்பு, பாஸ்போர்ட் எதுக்கும் அவங்க தயவு வேணும். பாண்ட் பத்திரத்தில் விலகினா எவ்வளவு கட்டணும், நோட்டீஸ் எத்தனை மாசம், அரசு வேலை கிடைச்சா விடுவாங்களா, இந்த மூணையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. 2 வருஷத்தை 1 வருஷமாக் குறைக்கக் கேளுங்க, ஐசியூவுக்கு ஆள் வேணும்கிற இடத்தில் பல நேரம் ஒத்துக்குவாங்க.

சம்பளம் பேசும்போது ஒண்ணு தெரிஞ்சு வைங்க. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைச்ச குழு 2016இல் பரிந்துரை கொடுத்தது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி மாநில அரசு நர்ஸுக்கு நிகராக் கொடுக்கணும், 50க்குக் கீழ் இருந்தாலும் 20,000க்குக் குறையக் கூடாது. பரிந்துரைதான், நடைமுறை வேற. இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு நீங்க விவரம் தெரிஞ்சவர்னு தெரியட்டும்.

ஐசியூ இன்டர்வியூவில் டோஸ் கணக்கு நிச்சயம் வரும். 60 கிலோ நோயாளி, ரத்த அழுத்தத்தை ஏத்துற டோபமின் மருந்து கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம்னு வைங்க. 200 மி.கி. ஆம்பூல் 5 மி.லி. இருக்கும். அதோட 45 மி.லி. சலைன் சேர்த்து மொத்தம் 50 ஆக்கணும். 50 ஊத்தி 55 ஆக்கிடுறதுதான் எல்லாரும் விடுற தப்பு. இப்ப 1 மி.லி.யில் 4,000 மைக்ரோகிராம். 60ஐ 5ஆல் பெருக்கினா நிமிஷத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18,000, அதை 4,000ஆல் வகுத்தா மணிக்கு 4.5 மி.லி. பொட்டாசியம் குளோரைடை ஏன் நேரா நரம்பில் தள்ளக் கூடாதுன்னு கேட்பாங்க. இதயம் நின்னுடும், நீர்த்துத்தான் மெதுவா ஏத்தணும். சிபிஆர்னா நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 மூச்சு, அழுத்துறது நிமிஷத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. முடிஞ்சா போறதுக்கு முன்னாடி பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) சர்டிபிகேட் எடுத்துக்குங்க, 2 வருஷம் செல்லும்.

புதுவயல்காரர்:

அப்பாவுக்கும் ஒரு பதில். எம்.எஸ்சி நர்சிங்குக்கு பி.எஸ்சியில் 55 சதவீதமும், படித்து முடித்த பிறகு குறைந்தது 1 வருட அனுபவமும் கேட்கிறார்கள். ஆகவே இந்த வருடம் சேரவே முடியாது, சண்டை தேவையில்லை. தபால் வழியில் எம்.எஸ்சி நர்சிங் தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் ஏமாற வேண்டாம், நர்சிங் கவுன்சில் அதை ஏற்பதில்லை.

கல்லூரியில் ஆசிரியராக விருப்பம் என்றால் எம்.எஸ்சி சரி. வார்டிலேயே இருக்க விருப்பம் என்றால் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோக்கள் உண்டு, கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை), ஆன்காலஜி (புற்றுநோய்), நியோநேட்டல் (பச்சிளங்குழந்தை), ஆபரேஷன் தியேட்டர் என்று. இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர் படிப்பும் இருக்கிறது. ஐசியூவில் ஒரு வருடம் இருந்தால் எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். சேருமுன் அந்தக் கல்லூரிக்கு அந்தப் பாடப்பிரிவுக்கே கவுன்சில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்சிக்கு அனுமதி இருப்பதால் எம்.எஸ்சிக்கும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோட்டையூரான்:

கல்லூரிக்கு டி.சி. வாங்கப் போகும்போதே டிரான்ஸ்கிரிப்டில் (படித்த பாடங்களின் விவரச் சான்று) தியரி மணி நேரமும் கிளினிக்கல் மணி நேரமும் பாடவாரியாக வருகிற மாதிரி கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கவுன்சில்கள் அதைத்தான் கேட்கும். பழைய பேட்ச் ரெக்கார்டைத் தேடி எடுப்பதற்குள் கிளார்க் மாறிவிடுவார்.