டைம்ஸ் ஸ்கொயர் நிலையத்துக்குள் வழி தவறியவர்கள் வாருங்கள்

குயீன்ஸ்வாசி:
நியூயார்க்குக்கு வந்த முதல் வாரம். 7-ஆம் எண் ரயிலில் டைம்ஸ் ஸ்கொயரில் இறங்கி ‘ஏ’ ரயில் பிடிக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டும் ஒரே நிலையம். ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். இருபது நிமிடம் கழித்துப் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறேன். தரை பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்து வந்தார். இதை ஒரே நிலையமாக யாரும் கட்டவில்லை, அதனால்தான் இப்படி என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

1904 அக்டோபர் 27 அன்று ஐஆர்டி என்ற தனியார் சுரங்க ரயில் கம்பெனியின் முதல் பாதை திறந்தபோது இங்கே இருந்தது ஒரு சின்ன நிறுத்தம். கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து 42-ஆவது தெருவுக்கு அடியில் மேற்கே வந்து, இங்கே திரும்பி, பிராட்வே வழியாக வடக்கே போனது அந்தப் பாதை. 1917-இல் அதே கம்பெனி ஏழாவது அவென்யூவுக்கு அடியில் இன்னொரு நிலையம் போட்டது. 1918 ஜனவரியில் போட்டிக் கம்பெனியான பிஆர்டி பிராட்வேக்கு அடியில் தனக்கென்று ஒன்று. 1927-இல் 7-ஆம் எண் ரயில், எல்லாவற்றுக்கும் கீழே. 1932-இல் நகரமே சொந்தமாக ஐஎன்டி என்று எட்டாவது அவென்யூவில் ஒரு பாதை திறந்தது; நான் தேடிய ‘ஏ’ ரயில் ஓடுவது அதில்தான். ஐஆர்டி, பிஆர்டி, ஐஎன்டி மூன்றின் பாதைகளும் ஒரே கைக்கு வந்தது 1940-இல், நகரம் மற்ற இரண்டையும் வாங்கியபோதுதான். எட்டாவது அவென்யூவுக்கு மறுபடி கட்டணம் கட்டாமல் உள்ளேயே நடந்து போகும் வசதி 1988 வரை இல்லை! நாம் சுற்றிச் சுற்றி நடப்பது அந்தப் பழைய எல்லைகளைத்தான்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

இரவுப்பணி நர்ஸ்:
நீங்கள் சொல்லும் எட்டாவது அவென்யூ சுரங்கப் பாதை எனக்கு மனப்பாடம். காலையில் வேலை முடிந்து அந்தச் சரிவில் கால் இழுத்து நடப்பேன். தலைக்கு மேலே உத்தரங்களில் ஒவ்வொரு வரியாக ஒரு கவிதை எழுதியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? தூக்கம் போதாமல் வேலைக்கு ஓடுகிறவனின் அலுப்பு அது. நார்மன் கோல்ப் என்ற கலைஞர் 1991-இல் செய்தது. முதல் நாள் அதைப் படித்தபோது, என்னைப் பார்த்தே எழுதியதுபோல இருந்து கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நடந்த ஒரு பெண்மணியும் அண்ணாந்து படித்துக்கொண்டு வந்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை, தலையசைத்துக்கொண்டோம். அவ்வளவுதான்.

ஜெர்சிக்காரன்:
2012-இல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். இங்கிருந்து கிராண்ட் சென்ட்ரலுக்கு மட்டும் போய்வரும் ‘ஷட்டில்’ ரயிலின் நடைமேடை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கதவைப் பார்த்து நின்றுவிட்டார்கள். மேலே ‘நிக்கர்பாக்கர்’ என்று பெயர். ரயிலடியில் யார் வீட்டு வாசல் இது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், மேலே இருந்த நிக்கர்பாக்கர் ஹோட்டலுக்கான வழியாம். 1906-இல் அதைத் திறந்தவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர், ஆறு வருஷம் கழித்து டைட்டானிக்கில் இறந்துபோன அதே கோடீஸ்வரர். அன்று இரவு முழுக்க அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

புரூக்ளின் அண்ணன்:
வழி தவறியதற்காக வருத்தப்படாதீர்கள் தம்பி, 1918-லேயே ஊரே இங்கு தவறியிருக்கிறது. அந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதி பழைய பாதையை இரண்டாக வெட்டி, கிழக்கே ஒரு தடம், மேற்கே ஒரு தடம் என்று ஆக்கினார்கள். நடுவில் மிஞ்சிய 42-ஆவது தெருத் துண்டுதான் ஷட்டில். வழிகாட்டத் தரையில் வண்ணக் கோடுகள் போட்டார்களாம். கூட்டத்தில் தரை தெரிந்தால்தானே கோடு தெரியும்! சில நாளிலேயே ஷட்டிலை மூடி, பாதைகளைச் சரிசெய்து, செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி விட்டார்கள்.

அந்த முதல் நிலையத்தின் வளைவை நான் காலால் உணர்ந்திருக்கிறேன். பழைய ஷட்டிலில் ரயில் நின்றதும் நடைமேடையிலிருந்து இரும்புத் தட்டுகள் நகர்ந்து வந்து இடைவெளியை அடைக்கும். 1904-இல் போட்ட வளைவில் ரயில் நேராக ஒட்டி நிற்காது, அதற்காக. 2021 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்த பிறகு அது இல்லை. போன வருஷம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போனேன். ஒரு படி இல்லை, லிஃப்டில் இறங்கி நேரே ரயிலுக்குள். முன்பு இதே இடத்தில் ஏற முடியாமல் டாக்ஸி பிடித்துத் திரும்பியிருக்கிறோம். அப்பா ரயிலுக்குள் போனதும் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

குயீன்ஸ்வாசி:
அண்ணா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். புதுப்பித்த பிறகு அந்த வெள்ளைக் கதவு எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறேன், ஜெர்சிக்காரன் அம்மாவிடம் காட்டட்டும்.