பில்ஜ், கழிவறை, துரு தட்டும் வேலை: கப்பலில் இளம் வீரர்களை எப்படிப் பாராட்டுவது?

பட்டர்வொர்த்_பிந்தாரா:
வணக்கம். மலேசியக் கடற்படையின் ரோந்துக் கப்பல் ஒன்றில் பிந்தாரா கானானாக (பெட்டி ஆபீசர் பதவி) இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறந்த இளம் வீரருக்குச் சான்றிதழ் கொடுக்கிறோம். பெயர் பெரும்பாலும் கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜிலிருந்தோ பீரங்கிப் பிரிவிலிருந்தோதான் வருகிறது. அவர்கள் கேப்டன் கண்ணெதிரே நிற்பவர்கள். பில்ஜுக்குள் (கப்பலின் அடியில் தண்ணீரும் எண்ணெயும் தேங்கும் இடம்) குனிந்து துடைக்கும் லஸ்கார் (கீழ்நிலை வீரர்), கழிவறைக் குழாய் அடைப்பு எடுப்பவர், தட்டுக் கழுவுபவர் எல்லாம் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்கள் வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது, தவறினால்தான் பெயர் வெளியே வரும். எதை வைத்து மதிப்பிடுவது? காசு ஒதுக்கீடு கிடையாது, என்ன கொடுக்கலாம்? பாராட்டு கிண்டலாக மாறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

லுமுட்_ஓய்வு:
தம்பி, சான்றிதழுக்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்யுங்கள். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகக் கழிவறை கழுவக் கொடுக்கும் பழக்கம் உங்கள் கப்பலில் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். திங்கட்கிழமை தண்டனையாக இருந்த வேலையை வெள்ளிக்கிழமை கௌரவம் என்று சொன்னால் எவனும் நம்பமாட்டான். தண்டனைக்கு வேறு வேலை பாருங்கள். கழிவறையும் பில்ஜும் முறைப்பட்டியல்படி எல்லோருக்கும் வரட்டும்.

அடுத்தது மதிப்பீடு. இந்த வேலைகளை முடிந்த அன்றே பார்த்துப் பயனில்லை. பெயிண்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். துருவைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவிட்டு, பழைய பெயிண்ட் ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். மறுநாள்வரை விட்டால் மெல்லிய துரு மறுபடி பூத்துவிடும். உப்பைக் கழுவாமல் அடித்த பெயிண்ட் சில வாரத்தில் கொப்புளம் கட்டும்.

மலாக்கா நீரிணையில் விடியற்காலையில் டெக் வியர்த்துக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் அடிக்கக் கூடாது. இரும்பின் வெப்பமும் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்து பத்து மணிக்குத் தொடங்குபவன் சோம்பேறியாகத் தெரிவான், எட்டு மணிக்கே முடித்துக் காட்டியவன் சுறுசுறுப்பாகத் தெரிவான். எந்த இடம், யார், என்று அடித்தார் என எழுதி வைத்து, 30 நாள் கழித்தும் 90 நாள் கழித்தும் போய்ப் பாருங்கள். யார் வேலை செய்தார் என்று இரும்பே சொல்லும்.

என்ஜின்ரூம்_அண்ணன்:
மேலே சொன்னது பில்ஜுக்கும் பொருந்தும். காய்ந்து, வெள்ளை பெயிண்ட் தெரியும்படி வைத்த பில்ஜில் பைப் மூட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த வாட்ச்சிலேயே (பணிமுறை நேரம்) கண்ணில் படும். கறுப்புத் தண்ணீர் தேங்கிய பில்ஜில் சீல் முழுக்கப் போன பிறகுதான் தெரியவரும். அதனால் எவ்வளவு சுத்தம் என்று மட்டும் கேட்காதீங்க, துடைக்கும்போது என்ன பார்த்தான் என்று கேளுங்க.

கவனித்துப் பார்க்க இரண்டு விஷயம். பத்துத் துணி எடுத்துக்கொண்டு இறங்கினால் பத்தும் மேலே வரணும். ஒரே ஒரு துணி உறிஞ்சுகுழாய் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொண்டால், வெள்ளம் ஏறும் நேரத்தில் பம்ப் இழுக்காது. தட்டிய பெயிண்ட் சில்லும் அப்படித்தான். இன்னொன்று சோப்பு. கண்டபடி ஊற்றினால் எண்ணெயும் தண்ணீரும் பால் மாதிரி கலந்துவிடும், பிரிக்கும் கருவி திணறும், வெளியேறும் தண்ணீரில் எண்ணெய் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) தாண்டினால் அடிக்கும் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். மார்போல் விதி (கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச உடன்பாடு) போர்க்கப்பலை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று சிலர் வாதம் பண்ணுவாங்க. முடிந்த அளவு அதன்படி நடக்க வேண்டும் என்றும் அதே விதியில்தான் எழுதியிருக்கு.

கழிவறைக் குழாய்: கடல்நீரில் ஃபிளஷ் பண்ணும் கப்பலில் அது சிறுநீரோடு சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்பு மாதிரி படியும். அதைக் கரைக்க ஊற்றும் அமிலத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். தேங்கிய மலநீரில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆக்சிஜன் 21 விழுக்காடு இருக்கிறதா, நச்சு வாயு இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல், அனுமதிச் சீட்டு இல்லாமல் தொட்டிக்குள் இறங்கமாட்டேன் என்று நிற்கும் பையனைத்தான் பாராட்டணும். துணிந்து இறங்கினான் என்று ஒருவனுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டால், அதைப் பார்த்து இறங்கும் அடுத்தவன் உயிரோடு வரமாட்டான்.

பட்டர்வொர்த்_பிந்தாரா:
ரொம்ப நன்றி அண்ணே. அப்படியென்றால் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு கோளாறுக்கும் 5 புள்ளி என்று வைக்கலாமா?

லுமுட்_ஓய்வு:
வேண்டாம் தம்பி. புள்ளி வைத்த மறுநாளே அணைந்த பல்ப், தளர்ந்த திருகு என்று பட்டியல் நீளும். தன் இடத்தை நன்றாகப் பராமரிப்பவனுக்குக் கோளாறே குறைவாகத்தான் வரும், நல்ல வேலைக்காரன்தான் முதலில் தோற்பான்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிரிவின் பிந்தாரா மூடாவும் (பிந்தாரா கானானுக்கு அடுத்த கீழ்ப் பதவி) ஒரு பெயரும் இரண்டு வரியும் எழுதட்டும்: என்ன செய்தார், எங்கே, அதனால் எது தவிர்ந்தது. சொல்ல ஒன்றுமில்லாத வாரம் காலியாக இருக்கட்டும். ஒரே பெயர் மூன்று வாரம் வந்தாலும் வரட்டும். இந்த மாதம் உனக்கு, அடுத்த மாதம் அவனுக்கு என்று சுற்றிவிட ஆரம்பித்தால் சான்றிதழ் வெறும் தாளாகிவிடும்.

அந்த இரண்டு வரிகள் டிவிஷன் அதிகாரியின் கோப்புக்கும் போக வேண்டும். இதை விடவே விடாதீர்கள். ஆண்டு மதிப்பீடு எழுதும்போது கடைசி ஒரு மாதம்தான் நினைவில் நிற்கும். பிப்ரவரியில் பில்ஜில் படுத்துக் கிடந்தவனுக்கு எழுத்தில் இருப்பது மட்டும்தான் துணை. பதவி உயர்வுக்கு உதவாத பாராட்டைப் பையன்கள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள்.

சமையற்கட்டு_கேஎல்:
தட்டுக் கழுவுபவர்களை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. இயந்திரத்தில் கடைசி அலசல் 82 டிகிரி எட்டுகிறதா என்று பார்ப்பது அவர்கள்தான். அதில் அசட்டையாக இருந்தால் கப்பல் முழுக்க வயிற்றுப்போக்கு பரவ வழியாகும். அடுப்புக்கு மேல் புகைபோக்கி வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டினால் சட்டியில் பிடிக்கும் தீ நேராகக் குழாய்க்குள் ஏறும். துணி உலர்த்தியில் சேரும் பஞ்சும் அப்படித்தான், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எடுக்க வேண்டும்.

காசில்லாமல் கொடுக்க நிறைய இருக்கிறது. கடலில் இருப்பவனுக்குத் தூக்கத்தைவிடப் பெரிய பரிசு இல்லை: ஒரு நாள் காலை 4 முதல் 8 வரையிலான வாட்ச்சிலிருந்து விடுப்பு கொடுங்கள். பினாங்கில் சுவெட்டன்ஹாம் பியரில் கட்டும்போது முதல் ஆளாக இறங்க விடுங்கள், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் வரிசை நீளும் முன்னே போய்ச் சேரட்டும். ரமலானில் சாஹுர் (நோன்பு தொடங்கும் முன் உண்ணும்) உணவு தயாரிக்க மூன்று மணிக்கே எழுந்தவருக்கு ராயா (நோன்புப் பெருநாள்) விடுப்பில் முன்னுரிமை, ராயாவுக்குக் கப்பலில் நின்று வேலை பார்த்தவருக்குத் தீபாவளியில் முன்னுரிமை.

ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி ‘பிராவோ ஜூலு’ (கடற்படையில் ‘நன்றாகச் செய்தாய்’ என்று சொல்லும் முறை) என்றால் மட்டும் போதாது, எதற்காக என்ற காரணமும் வர வேண்டும். கேப்டன் அவனை மேலே கூப்பிடுவதைவிட, அவரே அந்தப் பாத்திரத் தொட்டிக்கு இறங்கி வந்து கைகொடுப்பது நல்லது. கிண்டலைப் பற்றிக் கேட்டீர்கள்: விருதுக்கு ‘சிறந்த கழிவறை வீரர்’ என்கிற மாதிரிப் பெயர் வைக்காதீர்கள், ஆயுசுக்கும் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். பீரங்கிப் பையனுக்குக் கொடுக்கும் அதே சான்றிதழ், அதே பெயர்.

இன்னொன்று, வீட்டுக்குக் கடிதம். இப்படி:

‘அன்புள்ள பெற்றோருக்கு, இந்த மாதம் உங்கள் மகன் இயந்திர அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு குழாயில் நூலளவு கசிவைக் கண்டு உடனே தெரிவித்தார். அது பெரிதாகும் முன் சரிசெய்தோம். யாரும் பார்க்காத இடத்தில் அவர் கண் திறந்திருந்தது.’

இவ்வளவு போதும். ‘ஒழுக்கமானவர், கடமை உணர்வு மிக்கவர்’ என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வீட்டில் எந்த மொழி படிப்பார்கள் என்று அவரிடமே கேட்டு, தமிழோ மலாயோ சீனமோ அதில் எழுதுங்கள். கேப்டன் பேனாவால் கையெழுத்துப் போடட்டும். கப்பல் எங்கே இருந்தது, அடுத்து எங்கே போகிறது என்று ஒரு சொல்லும் வேண்டாம், பெருமையில் மாலைக்குள் ஃபேஸ்புக்கில் ஏறிவிடும்.

பட்டர்வொர்த்_பிந்தாரா:
எக்ஸ்ஓவிடம் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) பேசுகிறேன். வார அறிக்கைக்குப் படிவம் ஏதாவது தயார் செய்யவா?

லுமுட்_ஓய்வு:
படிவம் போட்டால் நிரப்புவதே இன்னொரு வேலையாகிவிடும் தம்பி. பிரிவுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள், சனிக்கிழமை சுற்றுப் பார்வைக்கு வரும்போது எக்ஸ்ஓ கையில் கொடுங்கள்.