இரண்டு நாள் பிந்தியதால் போன லீன்

போன வருடம் ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் ஒரு வீட்டு பேஸ்மன்ட்டில் ட்ரைவோல் (ஜிப்சம் பலகைச் சுவர்) வேலை எடுத்தேன். பிரதான கொன்ட்ராக்டருக்குக் கீழே சப்-கொன்ட்ராக்ட். ஒக்டோபர் 3 வேலை முடிந்தது. 11,400 டொலர் பாக்கி. கேட்கும்போதெல்லாம் "அடுத்த கிழமை தாறன் அண்ணை" என்று மெசேஜ் போடுவார். எங்கள் ஆள்தானே என்று பொறுத்திருந்தேன். நவம்பர் நடுவில் கூப்பிட்டு, கதவோரம் வெடித்திருக்கிறது, பூசிவிடுங்கள் என்றார். போய்ப் பூசினேன், அரை மணி நேர வேலை.

டிசம்பர் 4 லீன் போடச் சட்டத்தரணியிடம் போனேன். லீன் என்பது வேலைக்கான காசு வராவிட்டால் அந்த வீட்டின் மேலேயே பதியும் சட்டப் பிடி; வேலை முடிந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். அவர் சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் கலண்டரைக் கழற்றி, ஒக்டோபர் 4இலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினார். டிசம்பர் 2இல் பேனா நின்றது. "அறுபது. இரண்டு நாள் பிந்திவிட்டீர்கள்."

நவம்பரிலும் போனேனே என்றேன். முடித்த வேலையில் குறை திருத்தப் போனதை நீதிமன்றம் பொதுவாகக் கடைசி வேலை நாளாக எடுப்பதில்லையாம். ஒன்ராறியோவில் முன்பு 45 நாள்தான், 2018 ஜூலையில் 60 ஆக்கினார்கள். அதையும் விட்டுவிட்டேனே என்று அன்றிரவு நித்திரையே இல்லை. கடன் அழியவில்லை, கொன்ட்ராக்டர் மேல் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் வீட்டின் மேல் இருந்த பிடி போய்விட்டது.

—

அண்ணை, வாசிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் பிளம்பிங். எனக்கும் ஒரு வேலையில் இப்படிக் காசு நின்றது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வட்ஸ்அப் மெசேஜும் பொருள் வாங்கிய பில்லும்தான் இருந்தன. லீனுக்கு அது தடையில்லை, அந்தக் கட்டட வேலைக்கு உழைப்போ பொருளோ கொடுத்திருந்தால் போதும். 51ஆம் நாள் சட்டத்தரணி காணிப் பதிவில் ஏற்றினார். வங்கி கட்டடக் கடனின் அடுத்த தவணையை நிறுத்தியதும் வீட்டுக்காரரே போன் எடுத்தார். கொன்ட்ராக்டருக்குக் கொடுக்கும் காசில் சட்டப்படி பிடித்துவைக்க வேண்டிய 10 வீதம் அவர் கையில் இருந்தது. அதிலிருந்துதான் என் காசு வந்தது.

பதிந்தாயிற்று என்று யாரும் இருந்துவிடாதீர்கள். அந்த 60 நாள் முடிந்து இன்னொரு 90 நாளுக்குள் வழக்குத் தொடங்கி, அதற்கான சான்றிதழையும் காணிப் பதிவில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் லீன் செத்துவிடும். என்னோடு வேலை செய்த ஒருவர் அங்கேதான் கோட்டைவிட்டார்.

அண்ணை, வழக்குக்குப் போகும்போது அந்த "அடுத்த கிழமை" மெசேஜ் எல்லாவற்றையும் திகதியோடு அச்சடித்துக் கொண்டுபோங்கள். அவர் கடனை ஒத்துக்கொண்டதற்கு அவைதான் சாட்சி.