அடுத்த வெள்ளிக்கிழமை லண்டனில் ஸ்னோ விழுமா? காலையில் ஒரு கதை, ராத்திரி ஒரு கதை

ஹாரோக்காரன் (வடமேற்கு லண்டன்), சனி இரவு

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரம் வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும், இந்த வருடமும் அப்படித்தான். இன்று காலை ஓடிய ஜிஎஃப்எஸ் (அமெரிக்காவின் வானிலைக் கணினி மாடல்), அடுத்த வெள்ளிக்கு ஆங்கிலக் கால்வாய் ஓரமாக ஒரு தாழ்வுப் பகுதியை நகர்த்தி, அதன் வடக்கு விளிம்பில் லண்டன் முழுக்க ஸ்னோ காட்டியது. சாயங்காலம் வந்த ஓட்டத்தில் அதே தாழ்வு பிரான்சுக்குள் போய்விட்டது, நமக்கு வெறும் குளிரும் வெயிலும்தான். இப்போது ராத்திரி ஓட்டத்தில் திரும்பவும் மேலே ஏறி வந்திருக்கிறது, ஆனால் ரொம்பவே மேலே. பர்மிங்காம் வரைக்கும் மழை, அதற்கு வடக்கேதான் ஸ்னோ. ஐரோப்பிய மாடலோ அப்படி ஒரு தாழ்வு இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் நடுவில் போனில் இருக்கிற ஆப் மட்டும் வெள்ளிக்கு நேராக ஸ்னோ படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது.

என் பையனுக்கு ஏழு வயது. 2022 டிசம்பர் 11 ராத்திரி லண்டனில் கொட்டியது அவனுக்குக் கனவு மாதிரிதான் ஞாபகம். ஆப்பைப் பார்த்துவிட்டு தினமும் கேட்கிறான். எதை நம்புவது, எதைப் பார்ப்பது? அப்புறம், டிசம்பர் பிறக்கும் முன்னே தெற்கு இங்கிலாந்தில் ஸ்னோ படிவது நடக்கக்கூடிய காரியமா, இல்லை நான்தான் ஆசையில் வானிலைச் சார்ட் பார்க்கிறேனா?

ஐசோபார் (ரெடிங்), சனி இரவு

ஆசை இல்லாமல் இங்கே யார் சார்ட் பார்க்கிறார்கள்!

முதலில் அந்த ஆப்பை விட்டுவிடுங்கள். பெரும்பாலான ஆப்கள் ஏதோ ஒரு மாடலின் ஒரே ஒரு ஓட்டத்தை எடுத்து உங்கள் தபால் குறியீட்டுக்கு நேராகப் படம் போடுகின்றன, மனிதக் கை படுவதே இல்லை. அதுவும் ஆறு நாள் தள்ளி இருக்கிற ஒரு நாளுக்கு.

இரண்டாவது, ஒற்றை ஓட்டத்தின் பின்னால் ஓடாதீர்கள். ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை மூன்றரை, காலை ஒன்பதரை, மதியம் மூன்றரை, ராத்திரி ஒன்பதரை வாக்கில் படங்கள் வரத் தொடங்கும். அந்தக் கடைசி ஓட்டத்துக்கு இங்கே வெள்ளைக்கார ரசிகர்கள் வைத்திருக்கிற பெயர் பப் ரன், குடித்துவிட்டு வந்த மாதிரி எதையாவது காட்டும் என்று. நீங்கள் பர்மிங்காம் மழையைப் பார்த்தது அதில்தான். அதற்குப் பதில் குழு ஓட்டங்களைப் பாருங்கள். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஜிஎஃப்எஸ் 31 முறையும் ஐரோப்பிய மாடல் 51 முறையும் ஓட்டிப் பார்க்கின்றன. லண்டனுக்கான 850 ஹெக்டோபாஸ்கல் வெப்பநிலை வரைபடத்தைத் திறந்தால், அதாவது தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்று, கோடுகள் எல்லாம் புதன் வரை ஒரே கயிறாகப் போகும். வியாழனிலிருந்து பிரிய ஆரம்பித்துவிடும். அந்தப் பிரிவுதான் உங்கள் கேள்விக்கு இன்றைய நேர்மையான பதில்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிந்த கோடுகளில் பாதிக்கு மேல் மைனஸ் 5க்குக் கீழேதான் இருக்கின்றன. கிரீன்லாந்து மேல் உயர் அழுத்தம் உட்காரும், அதன் கிழக்குப் பக்கமாக வடக்கிலிருந்து காற்று இறங்கும் என்பதில் எல்லா மாடலும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆக, குளிர் வருவது கிட்டத்தட்ட உறுதி, தகராறெல்லாம் அந்தத் தாழ்வு பற்றித்தான். அது இன்னும் பிறக்கவே இல்லை. அட்லாண்டிக்கில் குளிர்க் காற்றும் வெதுவெதுப்பான காற்றும் உரசுகிற எல்லைக் கோட்டில் ஒரு சின்ன நெளிவாகத்தான் திங்கள் செவ்வாயில் தோன்றும். பாதை 150 கிலோமீட்டர் வடக்கே போனால் உங்களுக்கு மழை, தெற்கே போனால் ஒன்றுமே இல்லை. ஐந்து நாள் முன்னால் அவ்வளவு துல்லியம் எந்த மாடலுக்கும் கிடையாது.

நாலு நாளுக்குள், அதாவது 96 மணிக்குள், வந்தால் பேசலாம். 2012 டிசம்பர் தொடக்கத்தில் நடந்ததை இங்கே பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய கிழக்குக் காற்று வரப்போகிறது என்று மாடல்கள் காட்டி, ஐரோப்பிய மாடலே அழகழகாகச் சார்ட் போட்டு, கடைசியில் எல்லாம் ஒரே நாளில் சரிந்து அட்லாண்டிக் காற்று உள்ளே வந்துவிட்டது. இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புகிற ஆட்கள் உண்டு.

கென்ட் மேட்டுவாசி (பிக்கின் ஹில் பக்கம்), ஞாயிறு காலை

ஐசோபார் அண்ணா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் நவம்பர் கடைசியில் லண்டனுக்கு என்று தனியாக ஒரு பிரச்சினை இருக்கிறது. மேலே மைனஸ் 6 இருந்தாலும் கீழே கடல் இன்னும் ஆறவில்லை. வட கடல் இப்போதும் 10 டிகிரி பக்கத்தில்தான் நிற்கும். காற்று அதைத் தாண்டி வரும்போது கீழ்மட்டம் சூடேறிவிடும், அதனால் கரையோரமும் தேம்ஸ் முகத்துவாரமும் பல நேரம் ஈரமான ஆலங்கட்டித் தூறலோடு முடிந்துவிடுகிறது. மார்கேட்டில் இருக்கிற என் சித்தப்பா வீட்டில் ஒவ்வொரு முறையும் இதே கதை. கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் மேலே இருந்தால் அதே மேகம் வெள்ளையாகக் கொட்டும். ஹீத்ரோ கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர், பிக்கின் ஹில் விமான ஓடுபாதை 180 மீட்டருக்குச் சற்று மேல். இந்த வித்தியாசத்தில் ஒரு டிகிரி போய்விடும், நமக்கு ஆட்டமே அந்த ஒரு டிகிரியில்தான்.

பதிலுக்கு ஒரு நன்மையும் உண்டு. கடல் சூடாக இருப்பதால்தான் மேலே குளிர்ந்த காற்று வரும்போது மேகம் உக்கிரமாக எழும்புகிறது. காற்று சரியாகக் கிழக்கு-வடகிழக்காக நின்றால் முகத்துவாரம் வழியே ஒரே வரிசையில் மேகங்கள் உள்ளே வரும், அந்த வரிசைக்குக் கீழே இருக்கிறவனுக்குக் கொட்டோ கொட்டு, பக்கத்து ஊர்க்காரனுக்கு நட்சத்திரம் தெரியும். நேர் வடக்குக் காற்று என்றால் நாம் எல்லோரும் காய வேண்டியதுதான், ஸ்காட்லாந்தும் யார்க்ஷயர் கரையும் நோர்ஃபோக்கும் வாங்கிக்கொள்ளும்.

ஹாரோ அண்ணா, வெப்பமானியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பனிப்புள்ளியை, அதாவது காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குகிற வெப்பநிலையைப் பாருங்கள். நார்த்தோல்ட் விமானத் தளம் உங்களுக்குப் பக்கம், அதன் அறிக்கை அடிக்கடி வரும். வெப்பநிலை 2 டிகிரி, பனிப்புள்ளி மைனஸ் 2 என்றால் நம்பிக்கை வைக்கலாம், மழை விழத் தொடங்கியதும் ஆவியாகி ஆவியாகிக் காற்றே குளிர்ந்து கொஞ்ச நேரத்தில் ஸ்னோவாக மாறும். வெப்பநிலையும் 2, பனிப்புள்ளியும் 1 என்றால் குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் (குரோய்டன்), ஞாயிறு காலை

உங்கள் எல்லோருக்கும் வேறு வேலை இல்லையா? நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை. ஸ்னோ விழுந்தால் பஸ் நிற்கும், காலையில் வரவேண்டியவர் வரமாட்டார், நான் இன்னொரு ஷிப்ட் சேர்த்துப் பார்க்க வேண்டும், வரமுடியாதவருக்குச் சம்பளம் வெட்டுவார்கள். நடைபாதையில் உப்புப் போட யாரும் வருவதில்லை, இரண்டாம் நாள் காலையில் அது கண்ணாடி. போன தடவை எங்கள் சமையல்கார அக்கா வாசற்படியிலேயே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. உங்களுக்கு இருபது போட்டோ, எங்களுக்கு இரண்டு வாரம்.

சரி, திட்டிவிட்டேன். எந்த நேரம் தொடங்கும் என்று மட்டும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள், அது எனக்கு உதவும்.

அபர்டீன்ஷயர் அக்கா (ஸ்காட்லாந்து), ஞாயிறு மதியம்

இரவு ஷிப்ட் தம்பி, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். இங்கே ஆட்கள் கார் டிக்கியில் மண்வாரியும் கம்பளியும் அக்டோபரிலேயே போட்டுவிடுவார்கள், தெற்கில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஊர் நின்றுபோவதைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, பத்து வருடம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தவள்.

எங்களுக்கு நேற்றிலிருந்தே கிடக்கிறது. தோட்டத்து மேஜை மேல் நான்கு விரல் உயரம், காய்ந்த மாவு மாதிரி, ஊதினால் பறக்கிறது. பிரேமருக்குத் தெற்கே கிளென்ஷீ சாலையில் பனிக்கதவை மூடிவிட்டார்கள். தெற்கில் இருப்பவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ரயில்வே கேட் மாதிரி சாலைக்குக் குறுக்கே ஒரு கதவு, மூடினால் அவ்வளவுதான், சுற்றிக்கொண்டு போகவேண்டும். அந்தக் கணவாய் 670 மீட்டர், நாட்டின் பிரதான சாலைகளில் அதைவிட உயரமானது கிடையாது. ஹாரோ தம்பி குறிப்பிட்ட அதே 2022 டிசம்பரில், 13ஆம் தேதி பிரேமரில் மைனஸ் 17.3 போனது. லண்டனில் எல்லோரும் ஸ்னோ மனிதன் செய்துகொண்டிருந்தபோது நாங்கள் குழாய் உறையாமல் இருக்க அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பையனுக்கு நிச்சயமாகக் காட்டவேண்டுமென்றால் சார்ட்டை விட்டுவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள் தம்பி.

மடிப்பாக்கத்து மழைப்பைத்தியம் (இப்போது மில்டன் கீன்ஸ்), ஞாயிறு மாலை

இதெல்லாம் படிக்கப் படிக்கச் சென்னை ஞாபகம்தான். அங்கே வங்கக்கடலில் ஒரு சுழற்சி தெரிந்தால் ஜிஎஃப்எஸ் ஆந்திராவுக்கு அனுப்பும், ஐரோப்பிய மாடல் டெல்டாவுக்கு அனுப்பும், நாம் நடுவில் உட்கார்ந்து ரன் ரன்னாக எண்ணிக்கொண்டிருப்போம். ஊர் மாறினாலும் வியாதி மாறவில்லை.

ஒரு சந்தேகம். இந்த வருடக் கணிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் லா நினா, ஸ்ட்ராடோஸ்பியர் என்று ஏதோ சொல்கிறார்களே, அதற்கும் இந்த வெள்ளிக்கும் சம்பந்தம் உண்டா?

ஐசோபார், ஞாயிறு இரவு

வெள்ளிக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை. லா நினா ஆண்டுகளில், அதாவது பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் ஆண்டுகளில், குளிர்காலத்தின் முதல் பாதியில் அட்லாண்டிக்கில் உயர் அழுத்தம் வழிமறிக்க வாய்ப்பு கொஞ்சம் கூடும், பிற்பாதி மிதமாகவும் மழையாகவும் போகச் சாயும். எல் நினோவில் தலைகீழ். பகடையில் ஒரு பக்கம் கொஞ்சம் கனம் வைத்த மாதிரி, அவ்வளவே.

ஸ்ட்ராடோஸ்பியர் விஷயத்தில்தான் நிறையப் பேர் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள். வட துருவத்துக்கு மேலே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் முழுக்க மேற்கிலிருந்து கிழக்காக ஒரு சுழல் ஓடுகிறது. சில வருடங்களில் அது திடீரென்று சூடேறி, காற்று திசை திரும்பிவிடும். 2018 பிப்ரவரி 12 வாக்கில் அப்படித் திரும்பியது, இரண்டு வாரத்தில் சைபீரியக் குளிர் நம் வீட்டு வாசலுக்கு வந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2019 ஜனவரி தொடக்கத்திலும் திரும்பியது, அதை யாரும் சொல்வதில்லை. அந்த வருடம் பிப்ரவரி 26 அன்று க்யூ பூங்காவில் 21.2 டிகிரி வெயில், குளிர்காலத்தில் இந்த நாடு அதுவரை பார்க்காதது.

ஹாரோக்காரரின் கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. டிசம்பருக்கு முன் தெற்கில் நடக்கக்கூடியதா? நடந்திருக்கிறது. 2008 அக்டோபர் 28 ராத்திரி லண்டனில் விழுந்தது, அக்டோபரில் அங்கே அப்படி விழுந்தது 1934க்குப் பிறகு அப்போதுதான். 2010இல் நவம்பர் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிட்டது. 28ஆம் தேதி வேல்ஸில் மைனஸ் 18, அதைத் தொடர்ந்து வந்த டிசம்பர் மத்திய இங்கிலாந்துக்கு 1890க்குப் பிறகு மிகக் குளிரானது. ஆனால் அவை விதிவிலக்குகள். வானிலை அலுவலகத்தின் 1981-2010 நாடு தழுவிய சராசரியில் டிசம்பரில் ஸ்னோவோ மழை கலந்த ஸ்னோவோ விழுகிற நாட்கள் 3.9, மார்ச்சில் 4.2. கிறிஸ்துமஸ் அட்டைகள் என்ன வரைந்தாலும் கணக்கு ஈஸ்டர் பக்கம்தான்.

ஹாரோக்காரன், செவ்வாய் மாலை

அக்காவின் ரயில் யோசனையை மனைவியிடம் சொன்னேன், டிக்கெட் விலையைக் காட்டினாள், பேச்சு முடிந்தது.

இப்போதுதான் இரண்டு மாடலும் வந்தன. தாழ்வு பிரான்சுக்குப் போகிறது, இனி அதில் சந்தேகமில்லை என்று நினைக்கிறேன். குழுக் கோடுகள் வெள்ளி வரை ஒரே கயிறு, மைனஸ் 7. அதன் பின்னால் வெள்ளி மதியத்துக்கு மேல் காற்று வடகிழக்காகத் திரும்புகிறது. வானிலை அலுவலகம் கென்ட்டுக்கும் கிழக்கு சசெக்ஸுக்கும் மஞ்சள் எச்சரிக்கை போட்டிருக்கிறது. ஹாரோவுக்கு ஒன்றுமில்லை. ஆப் இன்று காலை ஸ்னோ படத்தை எடுத்துவிட்டு வெயில் போட்டது, பையன் என்னைத்தான் முறைக்கிறான்.

கென்ட் மேட்டுவாசி, செவ்வாய் இரவு

பார்த்தேன், பார்த்தேன், இன்னும் நம்பவில்லை. உயர் துல்லிய மாடல்கள் வியாழன் ராத்திரிதான் சரியாகச் சொல்லும். ஆனால் முகத்துவாரம் வழியே அந்த மேக வரிசை உள்ளே வந்தால் வெள்ளி சாயங்காலம் நாலிலிருந்து ஒன்பதுக்குள் எங்கள் மேட்டுக்கு உண்டு, அதற்கு மேல் காற்று வடக்காகிவிடும், எல்லாம் அடங்கும். குரோய்டன் தாழ்வில் அதிகம் படியாது என்று நினைக்கிறேன், ஆனால் தரை ஈரமாக இருந்து ராத்திரி வானம் தெளிந்தால் சனி காலை வழுக்கும். இரவு ஷிப்ட் அண்ணா, ஷூவை அதற்கேற்ப எடுத்துவையுங்கள்.

ஹாரோ அண்ணா, பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வீட்டில் கொத்து ரொட்டி போடச் சொல்கிறேன்.

ஹாரோக்காரன், செவ்வாய் இரவு

உண்மையாகவா? பள்ளி விட்டு அப்படியே கிளம்பினால் எம்25 சுற்றுச்சாலையில் மாட்டிக்கொள்வேனே. எந்த வழி நல்லது?

கென்ட் மேட்டுவாசி, செவ்வாய் இரவு

எம்25 பக்கமிருந்து வெஸ்டர்ஹாம் ஏற்றத்தில் மட்டும் ஏறாதீர்கள், ஸ்னோ விழுந்தால் முதலில் அடைபடுவது அதுதான். ப்ராம்லி பக்கமாக வாருங்கள், கெஸ்டன் தாண்டினால் வந்துவிடும், அந்தப் பாதையில் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். வியாழன் ராத்திரி பத்து மணிக்கு இங்கே பாருங்கள், வரலாமா வேண்டாமா என்று எழுதிப்போடுகிறேன்.