மகளை வீட்டிலேயே படிக்க வைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பள்ளத்தூர்க்காரர்:
மகளுக்கு ஒன்பது வயது. சென்னையில் நான்காம் வகுப்பு முடித்தாள். இப்போது பூர்வீக வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். வகுப்பறை அவளுக்கு ஒத்துவரவில்லை. நானும் மனைவியும் வீட்டில் சொல்லிக்கொடுக்க முடிவெடுத்திருக்கிறோம். அப்பத்தாவோ, "பிள்ளையை அனுப்பாவிட்டால் போலீஸ் வரும்" என்கிறார். முதலில் எதைச் செய்வது? முகப்பும் வளவுமாக (முன்கூடமும் உள்முற்றமுமாக) இவ்வளவு பெரிய வீடு சும்மா கிடக்கிறது. பங்காளி வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைக்கலாமா?

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, போலீஸ் வராது என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி பற்றியும் ஒரு வரி கிடையாது. அதனால் அனுமதி தரும் அலுவலகமும் இல்லை. அனுமதி வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

வளவில் பிள்ளைகளைக் கூட்டும் யோசனையை மட்டும் இன்றே விடுங்கள். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தால் யாருக்கும் பள்ளிக்கூடம் நடத்தத்தான் தோன்றும்! ஆனால் அங்கீகாரமில்லாத பள்ளி என்று முடிவாகிவிட்டால், 18ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதன் பிறகும் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். மாலையில் வந்து விளையாடட்டும், அது போதும்.

சட்டத்தைவிடச் சான்றிதழுக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். என் மகன் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், பத்தாம் வகுப்பு எழுதினான். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி கொடுத்துச் சேரலாம். ஐந்து பாடங்கள், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரு முறை தேர்வு. தமிழ் வழியும் உண்டு. பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர்க்க நினைத்தால், இந்தச் சான்றை ஏற்பார்களா என்று முன்கூட்டியே நேரில் கேட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர், காரைக்குடி:
மாநிலப் பாடத்திட்டமே வேண்டுமென்றால் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயது நிறைய வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

சென்னைப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது எமிஸ் எண்ணையும், அதாவது கல்வித்துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்ணையும், குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து யாராவது கதவைத் தட்டக்கூடும். நானும் அப்படித் தட்டியவன்தான். வாசலில் நிறுத்திச் சட்டம் பேசினால், வந்தவர் 'இடைநின்றவர்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். உள்ளே அழைத்து உட்கார வையுங்கள். மகளின் நோட்டுகள், வாசித்த புத்தகங்கள், போட்ட கணக்குகள் எல்லாம் தேதியோடு இருந்தால் பேச்சு சுமுகமாக முடியும். தமிழ்நாடு அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றையே வரிக்கு வரி நடத்த வேண்டியதில்லை, கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

பள்ளத்தூர்க்காரர்:
நன்றி ஆச்சி, நன்றி ஐயா. நடுவில் அவளே பள்ளிக்குப் போகிறேன் என்றால்?

ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர், காரைக்குடி:
தாராளமாக. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது: வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, விட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். அது இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவும் முடியாது.