ஆண்கள் நல முகாமுக்குக் கம்பெனி பணம் வாங்கலாமா?

கேத்திக்காரன்:
எங்க எஸ்டேட் லைன்ல ஆம்பளைங்களுக்கு மட்டும் ஒரு மருத்துவ முகாம் போடுறோம். சுகர், பிரஷர் பார்க்கிற செலவு முழுக்க ஒரு கம்பெனி ஏத்துக்குது. ஆண்களுக்கான சக்தி மாத்திரை, புரோட்டீன் பவுடர் விக்கிறவங்க. அவங்க பேனரைக் கட்டி நோட்டீஸ் கொடுத்தா போதுமாம். கமிட்டியில பாதிப் பேர் வேண்டாங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

கொழுந்துக்காரி:
வேண்டாம்ணா. போன மாசம் பக்கத்து ஊர் முகாம்ல கொடுத்த நோட்டீஸை என் வீட்டுக்காரர் கொண்டு வந்தார். பத்து கேள்வி. சாயங்காலம் அசதியா இருக்கா, சாப்பிட்டதும் தூக்கம் வருதா, எரிச்சல் வருதான்னு. மூணுக்கு ஆமாம்னா ஆண்மை ஹார்மோன் குறைஞ்சு போச்சாம். காலையிலிருந்து கவாத்து வெட்டிட்டு வர்ற மனுஷனுக்குச் சாப்பிட்டதும் தூக்கம் வராம என்ன வரும்? அன்னைக்கு ராத்திரி அவர் பேசவே இல்லை. நோட்டீஸை மடிச்சு மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டார். மறுநாள் 1,800 ரூபாய்க்கு டப்பா வந்துடுச்சு. பிரஷர் 160 இருந்ததை ஒரு வாரம் கழிச்சுத்தான் சொன்னார்.

ஃபேக்டரி மேஸ்திரி:
தங்கச்சி, கோபம் நியாயம்தான். ஆனா அந்த 160 தெரிஞ்சதே முகாம்லதானே? எங்கப்பா ட்ரையர் பக்கத்துல 30 வருஷம் நின்னவர், ஆஸ்பத்திரிப் படி மிதிச்சதில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கிட்ட அப்புறம்தான் பிரஷர்னே தெரிஞ்சது. மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து இருக்கு, நல்ல திட்டம். ஆனா எங்க லைனுக்கு அவங்க வர்ற நேரம் ஆம்பளைங்க வேலையில இருப்பாங்க. யார் காசா இருந்தா என்ன, கையில பட்டை கட்டிப் பார்த்தா சரி.

தொட்டபெட்டா காத்து:
அந்தக் கேள்விகள் அமெரிக்காவுல ஓடின சரக்கு. வயசானா வர்ற சோர்வையே நோய்னு சொல்லி டெஸ்டோஸ்டிரோன், அதான் அந்த ஆண்மை ஹார்மோனையே, மருந்தா வித்தாங்க. வயசால குறையிறதுக்கு இந்த மருந்தோட பலனும் பாதுகாப்பும் நிரூபணம் ஆகலைன்னு அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. 2015ல லேபிள்லயே எழுத வெச்சது. 2025ல இன்னொண்ணு: டெஸ்டோஸ்டிரோன் மருந்து எல்லாத்துலயும் ரத்த அழுத்தம் கூடும்னு எச்சரிக்கை போடணும். அக்கா, அந்த டப்பாவுல என்ன கலந்திருக்குன்னு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஆண்மையைக் காட்டி விக்கிறது புதுசில்லை. மார்ல்பரோ முதல்ல பெண்களுக்குன்னு வித்த சிகரெட். 1950கள்ல கௌபாய் படத்தைப் போட்டு ஆம்பளைங்க தலையில கட்டினாங்க. நம்ம நாட்டுல ஆண்மை மருந்து விளம்பரத்தை 1954லயே சட்டம் தடுத்தாச்சு. ஆனாலும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்ட் சுவர் இருக்கா?

ஃபேக்டரி மேஸ்திரி:
அப்போ டாஸ்மாக்? 2003லிருந்து சில்லறையிலயும் அரசேதான் விக்குது. யானை கால்ல கண்ணாடி குத்துதுன்னு கோர்ட்டு சொல்லி, நீலகிரியில 2022லிருந்து காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தர்றாங்க. நல்ல காரியம். குடிச்சவன் ஈரலை அந்தக் கவுண்டர்ல யார் கேட்டாங்க? அந்த அரசு நடத்துற முகாமுக்குப் போகலாம், இதுக்குப் போகக்கூடாதா?

கொழுந்துக்காரி:
அரசு குடி விக்கிறது தப்புதாண்ணா, நான் ஒருநாளும் சரின்னு சொன்னதில்லை. ஆனா பி.ஹெச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸ் பட்டை கட்டிக்கிட்டே குவார்ட்டர் விக்கலையே. இங்க நோய் சொல்றவனும் மருந்து விக்கிறவனும் ஒரே ஆள். எங்க வீட்டுக்காரர் இப்ப பி.ஹெச்.சி.ல இலவச மாத்திரைதான் வாங்குறார். டப்பா பாதி அப்படியே பரண்ல கிடக்கு.

கேத்திக்காரன்:
நோட்டீஸ் இல்லாம பணம் மட்டும் தருவீங்களான்னு கம்பெனி ஆள்கிட்ட போன்ல கேட்டேன். "அப்புறம் எங்களுக்கு என்ன சார் லாபம்?"னு நேராவே கேட்டுட்டார். அதோட எனக்குத் தெளிஞ்சிடுச்சு. வீட்டுக்கு 50 ரூபாய் போட்டா பி.பி. மெஷின் வாங்கிடலாம். மேஸ்திரிண்ணே, உங்க பகல் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு விடுது?

ஃபேக்டரி மேஸ்திரி:
ஆறு மணி. கேட்டுல நானே நின்னு ஆளை நிறுத்துறேன். ஆனா சுகர் ஸ்ட்ரிப்புக்கு மாசாமாசம் பணம் எங்கிருந்து வரும்னு சொல்லுங்க, அப்புறம் ஒத்துக்கிறேன்.