இரண்டாம் கியரில் சிக்கிய எஸ்.எல்.கே.: கியர்பொக்ஸை மாற்றுவதா, பழுதைத் தேடுவதா?

அலைகரை (உப்புவெளி)
வணக்கம். என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு பென்ஸ் எஸ்.எல்.கே. 230 கொம்ப்ரஸர், ஐந்து கியர் ஓட்டோமற்றிக். ஹபரணையிலிருந்து ஏ6 வீதியால் வரும்போது கந்தளாய் தாண்டியதும் கியர் மாறுவது நின்றுவிட்டது. இருந்த கியரிலேயே ஓடியது. ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துத் திரும்ப இயக்கினால் இரண்டாம் கியரும் ரிவர்ஸும் மட்டும்தான். மறுநாள் காலையில் ஐந்து கியரும் ஒழுங்காக வேலை செய்தன. சூடேறியதும் பழைய கதை. இங்கே ஒரு கராஜில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பொக்ஸ் முடிந்துவிட்டது, கொழும்பில் ஒன்று எடுப்போம்" என்கிறார்கள். காசைக் கொட்டுவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

பழைய இரும்பு
கராஜ்காரர் சொல்வதுதான் சரி. கால் நூற்றாண்டு ஓடிய பெட்டி அது. கொழும்பில், பழைய உதிரிகள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். இறக்கி ஏற்றிவிட்டு நிம்மதியாக ஓடுங்கள். சென்சர் பார்க்கிறேன், வயர் பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் வண்டியை மரக்குற்றிகளின் மேல் நிறுத்தி வைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கடைசியில் அவர்களும் பொக்ஸ்தான் மாற்றினார்கள்.

கந்தளாய் ஓட்டி
பட்டரி வயரைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுப் பூட்டுங்கள். என் வண்டிக்குச் சரிவந்தது.

உவர்மலை
கந்தளாய்த் தம்பி, பட்டரியைக் கழற்றினால் எச்சரிக்கை மறையலாம், பழுது மறையாது. அவருடைய வண்டி ஒவ்வொரு காலையும் தானாகவே சரியாகத்தானே இருக்கிறது?

அலைகரை, நீங்கள் சொன்ன அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. குளிரில் ஐந்து கியரும் வழுக்காமல் ஏறுகின்றன என்றால் கிளட்ச் தட்டுகள் இன்னும் பிடிக்கின்றன. தேய்ந்த கிளட்ச் இரவோடு இரவாக வளராது. உங்கள் வண்டிக்கு வந்திருப்பது லிம்ப் மோட். கியர் மாற்றத்தை நடத்தும் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டி தன் கண்ணை நம்ப முடியாதபோது எடுக்கும் தற்காப்பு அது. ஓடும்போது பிழை கண்டால் இருந்த கியரிலேயே பிடித்துக்கொள்ளும். அணைத்து இயக்கினால் இரண்டாம் கியரைத் தரும். உங்கள் வண்டியில் இருக்கும் 722.6 வகை கியர்பொக்ஸ் இப்படித்தான் வடிவமைக்கப்பட்டது.

அந்த கியர்பொக்ஸுக்குள், ஒயிலைத் திருப்பிவிடும் வால்வு தொகுதியின் மேல் ஒரு பிளாஸ்டிக் மின்தட்டு இருக்கிறது. என்2, என்3 என்ற இரண்டு வேக சென்சர்களும் அதிலேயே பதிந்திருக்கின்றன. சூட்டில் செத்து, ஆறியதும் உயிர்ப்பது அந்தச் சென்சர்களின் பிரசித்தி பெற்ற நோய். சோதிப்பதும் சிரமமில்லை. ஸ்கேனரைப் பூட்டி ஓட்டினால், இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களில் இரண்டு சென்சர்களின் எண்களும் ஒன்றாகவே ஏறி இறங்க வேண்டும். முதலாம், ஐந்தாம் கியர்களில் என்3 பூச்சியம் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூன்றாம் கியரில் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று காட்ட மற்றது பூச்சியத்துக்கு விழுந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஆனால் சந்தையில் விற்கும் மலிவான ஸ்கேனர் இயந்திரத்தை மட்டுமே வாசிக்கும். கியர்பொக்ஸ் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசக்கூடிய பென்ஸ் ஸ்கேனர் வேண்டும்.

அதற்கு முன் காசில்லாத ஒரு சோதனை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கியர்பொக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் 13 ஊசி இணைப்பியின் ரப்பர் வளையம் இறுகிப்போனால், ஒயில் வயரின் செப்பு இழைகளுக்குள் புகுந்து திரியில் ஏறுவதுபோல் மேலே வந்துவிடும்.

பழைய இரும்பு
புத்தகம் படித்தவர் போலிருக்கிறது, உவர்மலை அண்ணை. லிம்ப் மோட் வந்தாலே வயர் கோளாறுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? உள்ளே செல்லும் வேகத்துக்கும் வெளியே வரும் வேகத்துக்கும் விகிதம் ஒத்துவராவிட்டாலும் இதே லிம்ப் மோட்தான் வரும். அதற்குக் காரணம் கிளட்ச் வழுக்குவது. சூட்டில் ஒயில் இளகி அழுத்தம் இறங்கும்போதுதான் வழுக்கலும் வெளியே தெரியும். மின்தட்டை வாங்கிப் போட்ட பிறகு பொக்ஸும் மாற்ற வேண்டி வந்தால் இரட்டைச் செலவை யார் தருவார்?

இன்னொன்று. இந்தத் தட்டில் போலிகள் மலிந்து கிடக்கின்றன.

உவர்மலை
போலி பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. வழுக்கலும் லிம்ப் மோடைக் கொண்டுவரும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு பிழைக்குறி வரும். வாசிக்காமலே தீர்ப்பெழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

நீங்கள் வாங்கச் சொல்லும் பழைய பொக்ஸுக்குள்ளும் அதே வயதுடைய தட்டும், அதே இறுகிப்போன ரப்பர் வளையமும்தானே இருக்கும்? கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒயில் ஏறியிருந்தால், எந்தப் பொக்ஸைப் பூட்டினாலும் அந்த ஒயில் அங்கேயேதான் இருக்கும். 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பழைய உதிரிகளை மூன்றாம், நான்காம் முறையாகக் கைமாற்றினார்கள். எந்த வண்டியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

கடற்கரையில் இருக்கிறீர்கள், அலைகரை. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் தரும் கே40 ரிலே பெட்டியையும் திறந்து பாருங்கள். அதன் ஈயப்பற்றுகள் வெடிப்பது இந்த மாதிரியில் வழக்கம். மின்னழுத்தம் ஒரு கணம் தளும்பினாலும் கட்டுப்பாட்டுப் பெட்டி பயந்துவிடும்.

அலைகரை (உப்புவெளி)
பிளக்கைக் கழற்றினேன். துணியில் சிவப்பும் பழுப்பும் கலந்த ஒயில் வட்டம். சாரதி இருக்கையின் பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரோடு இருக்க, நிலாவெளிப் பக்கம் ஓட்டினோம். சூடேறும்வரை இரண்டு எண்களும் சோடியாக ஓடின. பிறகு நான்காம் கியரில் என்3 அறுந்து விழுந்தது. உடனே லிம்ப் மோட். கே40இல் வெடிப்பு ஏதும் இல்லை. முதலில் இணைப்பியை மட்டும் மாற்றிப் பார்க்கட்டுமா? அது மலிவு.

உவர்மலை
வேண்டாம். ஒயில் வடித்து அடிச்சட்டியைக் கழற்றினால்தான் தட்டைத் தொட முடியும். அதே வேலையில் இணைப்பி, தட்டு, வடிகட்டி மூன்றையும் முடியுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஊசிகளை மின்னிணைப்புத் துப்புரவுத் திரவத்தால் கழுவுங்கள். ஒயில் பென்ஸின் 236.14 தரத்தில் இருக்கட்டும். ஒயில் நிரப்பும் குழாயில் அளவுகோல் இருக்காது. தனியாக ஒரு கோல் வாங்கி, ஒயில் 80 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளக்க வேண்டும். குளிரில் கண்மதிப்பாக நிரப்பினால் அடுத்த மாதம் வேறு முறைப்பாட்டோடு வருவீர்கள்.

கந்தளாய் ஓட்டி
எனக்கும் நேற்று லிம்ப் மோட் திரும்பிவிட்டது. அந்த ஸ்கேனர் யாரிடம் இருக்கிறது?

பழைய இரும்பு
என்3 விழுந்தது சரி, தட்டு பழுது என்பதை ஏற்கிறேன். அதனால் கிளட்ச் நலமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. அடிச்சட்டியில் ஒரு காந்தம் இருக்கும். அதைத் துடைக்காமல் படம் எடுத்துப் போடுங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் வழக்கமான தேய்மானம்; தட்டை மாற்றுங்கள், நான் வாயைத் திறக்கவில்லை. மினுங்கும் உலோகச் சீவல் இருந்தால், அல்லது ஒயில் கறுத்துக் கருகல் மணம் வந்தால், புதுத் தட்டின் உறையைப் பிரிக்காதீர்கள். கடைக்காரர் திருப்பி எடுப்பார்.

அலைகரை (உப்புவெளி)
ஞாயிற்றுக்கிழமை அடிச்சட்டியைக் கழற்றுகிறோம். காந்தத்தின் படம் அன்று மாலை இங்கே வரும். கந்தளாய்த் தம்பி, ஸ்கேனர் அதுவரை என்னிடம்தான் இருக்கும். வண்டியை இரண்டாம் கியரிலாவது உருட்டிக்கொண்டு வாருங்கள்.